எதிர்த்த கேத்தரினும் இணங்கிய ஆனும்

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி தம் திருமணத்தைச் செல்லாததாக்க முனைந்தபோது, அரசிக்கு எதிர்த்து நிற்பது அல்லது இணங்கிப்போவது என்னும் இரண்டு வழிகளே இருந்தன.

மன்னரின் முதல் மனைவியான அரகானின் கேத்தரின் எதிர்த்தார். 1529-இல் லண்டன் பிளாக்ஃபிரையர்ஸில், அத்திருமணம் செல்லுமா என்று நடந்த விசாரணையில் மன்னர்முன் மண்டியிட்டு, தாமே அவருடைய உண்மையான மனைவி என்று முறையிட்டார். 1534-இல் போப்பாண்டவர் அவர் பக்கமே தீர்ப்பளித்தார். இங்கிலாந்தில் அது செல்லுபடியாகவில்லை. மகள் மேரியைக் காணவும் அனுமதியின்றி, 1536-இல் கிம்போல்டன் கோட்டையில் அவர் இறந்தார்.

நான்காம் மனைவியான, ஜெர்மானியப் பகுதியான கிளீவ்ஸின் ஆன் இணங்கினார். 1540 ஜனவரி 6 அன்று கிரீனிச்சில் நடந்த அவருடைய திருமணம், லொரேன் கோமகனின் மகனுடன் சிறுவயதில் பேசப்பட்ட சம்பந்தத்தையும் தாம்பத்திய உறவு நிகழாமையையும் காரணங்காட்டி, அதே ஆண்டு ஜூலை 9 அன்று செல்லாததென அறிவிக்கப்பட்டது. அவர் எழுத்துமூலம் சம்மதித்தார். ரிச்மண்ட் அரண்மனையும் ஹீவர் கோட்டையும் நல்ல வருமானமும், ‘மன்னரின் அன்புச் சகோதரி’ என்ற மதிப்பும் அவருக்குக் கிடைத்தன. ஆனால் தாயகம் திரும்பும் வாய்ப்பு கிடைக்கவில்லை.

இந்த இணக்கத்தைக் கோழைத்தனம் என்பது அநீதியாகும். கேத்தரின் விட்டுக்கொடுத்திருந்தால் மேரியின் வாரிசுரிமை பறிபோயிருக்கும். ஆனுக்கோ காக்கவேண்டிய பிள்ளை இல்லை. மேலும், நான்கே ஆண்டுகளுக்கு முன் மன்னரின் இரண்டாம் மனைவி ஆன் போலீன் தலை வெட்டப்பட்டதை அறிந்த, துணையற்ற அயல்நாட்டுப் பெண், ரோமின் போப்பாண்டவரோடு உறவை முறித்துவிட்ட மன்னரை எதிர்த்து எங்கே முறையிட முடியும்? கேத்தரினின் உறுதியை நான் பெரிதும் மதிக்கிறேன். எனினும் ஆனின் முடிவே அவருடைய சூழலுக்குப் பொருத்தமானது. ஹென்றிக்குப் பின்னும் பத்தாண்டு வாழ்ந்து, மேரியின் ஆட்சியில் 1557-இல் செல்சீயில் அவர் காலமானார்.