பூங்கா பெஞ்சிலிருந்து வாட்ஸ்அப் குழுவுக்கு: ஐந்தாண்டுக்கும் மேற்பட்ட அனுபவம்

மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கும் நாங்கள் பத்துப் பதினைந்து பேர், தியாகராய நகர் நடேசன் பூங்காவில் காலை நடையை முடித்துக்கொண்டு, ஒரே நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்துப் படித்துவந்தவர்கள். 2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிப் பூங்காவுக்குள் போக முடியாமல் ஆனபோது, அந்த பெஞ்சுக்கு மாற்றாக வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினோம். அன்றுமுதல் அதன் நிர்வாகி நான்தான். இப்போது எண்பதுக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள்.

முதல் ஆண்டில் எதுவும் செய்யாமலே குழு கலகலப்பாக இருந்தது. ஊரடங்கு தளர்ந்த பிறகு, பேச்சு குறைந்து பகிர்வுகள் பெருகின. பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலிலேயே வாட்ஸ்அப் வரம்பு வைத்துவிட்டது. எங்கள் துரதிர்ஷ்டம், அந்த ஓர் இடமாக எல்லோரும் எங்கள் குழுவையே தேர்ந்தெடுத்தார்கள். சலித்துப்போய், நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்ற அமைப்பை இரண்டு வாரம் போட்டுப் பார்த்தேன். குழு ரேஷன் கடை அறிவிப்புப் பலகைபோல் ஆகிவிட்டதால் எடுத்துவிட்டேன்.

குழுவுக்கு மறுபடி உயிர் வந்தது ஒரு கேள்வியால். 82 வயதான ஓய்வூதியர் ஒருவர், ஓய்வூதியம் தொடர, உயிருடன் இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்றிதழுக்காக வங்கிக்குப் போய், தேய்ந்துபோன கைரேகையைக் கருவி ஏற்காததால் திரும்பி வந்ததாகக் குரல் பதிவில் சொன்னார். 2014இல் வந்த ஜீவன் பிரமாண் என்ற மின்னணு வாழ்நாள் சான்று முறையில் 2021 நவம்பர் முதல் முகத்தைக் காட்டியே சான்று பெறலாம் என்பது எங்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. எந்த இரண்டு செயலிகளை இறக்க வேண்டும், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வேண்டும், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சொல்லும்போது கண்ணை இமைக்க வேண்டும் என்று அவர் படிப்படியாகப் பேசி அனுப்பினார். அன்று மாலை சான்று கிடைத்துவிட்டது. அடுத்த இரண்டு நாள் அதே சந்தேகத்தோடு வேறு பலரும் எழுதினார்கள்.

அதிலிருந்து, பருவத்துக்கு ஏற்ற கேள்வி ஒன்றை நானே முன்கூட்டிப் போட்டுவைக்கிறேன். 80 வயது கடந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பர் வரை காத்திராமல் அக்டோபர் 1 முதலே சான்று தரலாம் என்பதும், 60 வயது நிரம்பியோருக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 பயணத்துக்கான இலவச டோக்கனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எந்தப் பணிமனையில் கூட்டமின்றி வாங்கலாம் என்பதும், மார்கழியில் எந்த சபாவில் படியேறாமல் உள்ளே போகலாம் என்பதும் அப்படி வந்தவையே. போலீஸ் என்று சொல்லி, ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிய மோசடி அழைப்பை நம்பிப் பணம் அனுப்பவிருந்த ஓர் அம்மையார், அதற்கு முன் குழுவில் கேட்டார். சட்டத்தில் அப்படியொரு கைதே இல்லை, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லுங்கள் என்று ஐந்து நிமிடத்தில் நான்கு பேர் பதில் எழுதினார்கள்.

தட்டச்சு செய்ய விரல் ஒத்துழைக்காதவர்களுக்குக் குரல் பதிவு பெரிய வரம். ஆனால் ஏழு நிமிடப் பதிவைக் கேட்க எவருக்கும் பொறுமையில்லை. காது மந்தமானவர்களுக்கு அது பயனும் இல்லை. எனவே இரண்டு நிமிட வரம்பு வைத்தோம். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே இரண்டு வரிச் சாரம் எழுதும் வேலையை முன்னாள் சுருக்கெழுத்தாளர் ஒருவர் தாமாகவே ஏற்றுக்கொண்டார்.

நான் எதிர்பாராத சிக்கல் வேறு. 120 நாள் பயன்பாட்டில் இல்லாத கணக்கு நீக்கப்படும். 2021இல் காலமான நண்பர் ஒருவரின் பெயர், நான்கு மாதம் கழித்து, ‘வெளியேறினார்’ என்று திரையில் வந்தது. அப்போதெல்லாம் அந்த வரி குழுவில் எல்லோர் திரையிலும் தெரியும். "யார் அவரை என்ன சொன்னீர்கள்?" என்று, இறப்பை அறியாத ஒருவர் கோபமாகக் கேட்டுவிட்டார். அதன்பிறகு, காரியங்கள் முடிந்ததும் குடும்பத்தாரிடம் கேட்டு நானே எண்ணை எடுத்துவிடுகிறேன். ஒரு வீட்டில் மட்டும் அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கணவரின் கைபேசியைத் தினமும் சார்ஜ் போட்டுவைத்து, அடுத்த டோக்கன் எப்போது தருவார்கள் என்று அவர் பெயரிலேயே கேட்கிறார்.