அடையாளக் கோளாறா, அலிபியா: மேல்முறையீட்டில் எதை முன்னால் வைப்பது?

கொலை அல்லது வழிப்பறி வழக்கில் தண்டனை பெற்றவருக்கு மேல்முறையீட்டுக் காரணங்களை எழுத உட்கார்ந்தால் இரண்டு வாதங்கள் மேசைக்கு வரும். கண்ணால் பார்த்ததாகச் சொல்லும் சாட்சி ஆளை மாற்றிக் காட்டுகிறார் என்பது ஒன்று. அந்த நேரத்தில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், வேறு ஊரில் இருந்தார் என்கிற அலிபி மற்றொன்று. குடும்பத்தார் பெரும்பாலும் அலிபியைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அடையாளத்தை முன்னால் வைப்பதே மேல் என்பது என் கட்சி.

நிரூபிக்கும் சுமை பற்றி நீட்டத் தேவையில்லை. அடையாளத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். அலிபியைச் சொன்னவரே நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 103-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 106-ஆம் பிரிவு. மேல்முறையீட்டைத் தீர்மானிப்பது இதைவிட எளிய ஒரு கேள்வி: வாதத்துக்கான சரக்கு கேஸ் கட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறதா, இனிமேல் கொண்டுவர வேண்டுமா?

அடையாளக் கோளாறு அரசுத் தரப்பின் தாள்களிலேயே கிடக்கும். முதலில் முதல் தகவல் அறிக்கை. ‘அடையாளம் தெரியாத நபர்’ என்று மட்டும் எழுதிவிட்டு, உயரம், நிறம், வயது எதுவும் சொல்லாத சாட்சி, எட்டு மாதம் கழித்துக் கூண்டில் நிற்பவரைச் சட்டென்று காட்டினால் அந்த நினைவு எங்கிருந்து வந்தது? அடுத்து, சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜரும் அந்த இடத்தின் மாதிரி வரைபடமும். இரவுச் சம்பவம் என்றால் வரைபடத்தில் தெருவிளக்குக் கம்பம் குறிக்கப்பட்டிருக்கிறதா, சாட்சி நின்ற இடத்திலிருந்து எத்தனை அடி என்று பாருங்கள். ‘தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்’ என்ற சாட்சியமும் கம்பமே இல்லாத வரைபடமும் ஒரே கட்டில் இருப்பது அபூர்வமல்ல. மூன்றாவது, போலீஸ் விசாரணையில் பதிவான வாக்குமூலம் நீதிமன்றத்துக்கு வந்த தேதி. வாக்குமூலத்தில் சம்பவத்துக்கு மறுநாள் தேதி இருக்கும். அது வந்து சேர்ந்ததற்கு நடுவர் (மாஜிஸ்திரேட்) போட்ட சுருக்கொப்பம் இரண்டு மாதம் கழித்து இருக்கும். இடைவெளிக்குப் புலனாய்வு அதிகாரி காரணம் சொல்லவில்லை என்றால், குறுக்கு விசாரணையில் அதைக் கேட்டிருந்தால், பாதி வேலை முடிந்தது. கேட்காமல் விட்டிருந்தால் வாதம் நொண்டும்.

பிறகு அடையாள அணிவகுப்பு: எதிரியை வேறு சிலரோடு வரிசையில் நிறுத்தி, சாட்சியை ஆளைக் காட்டச் சொல்வது. தேதிகளை ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள்: கைது, ரிமாண்டுக்காக நீதிமன்றத்தில் ஆஜர், பத்திரிகையில் படம், அணிவகுப்பு. ரிமாண்டின்போது முகத்தை மூடாமல் கொண்டுவந்து, அன்று சாட்சியும் வளாகத்தில் இருந்தால் அணிவகுப்பு வெறும் சடங்கு. நடுவரின் அறிக்கையில், உடன் நிறுத்தப்பட்டவர்களின் வயதையும் உயரத்தையும் எதிரியோடு ஒப்பிடுங்கள். இருபத்திரண்டு வயதுக்காரரை நாற்பது வயதுக்காரர்கள் நடுவே நிறுத்தியிருந்தால் அறிக்கையே உங்கள் ஆவணம். ‘போட்டோ காட்டினார்கள்’ என்று எதிரி அப்போதே ஆட்சேபித்திருந்தால் அதையும் நடுவர் குறித்திருப்பார். பலர் அந்தக் கடைசிப் பத்தியைப் படிப்பதே இல்லை.

எதிர்ப்பக்கமும் சும்மா இருக்காது. அணிவகுப்பு நடத்தாததால் மட்டும் கூண்டில் காட்டிய அடையாளம் செல்லாமல் போகாது என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன மல்கான் சிங் தீர்ப்பை நீட்டுவார்கள். முன்பின் தெரியாத ஆளை முதன்முதலாக நீதிமன்றத்தில் அடையாளம் காட்டுவதை ஏற்காத 1979-இன் ‘கண்ணன் எதிர் கேரள அரசு’ தீர்ப்பு உங்கள் பக்கம். எது பொருந்தும் என்பது சாட்சி எவ்வளவு நேரம், எவ்வளவு அருகில் பார்த்தார் என்பதில் இருக்கிறது.

அலிபிக்கு வருவோம். தூரமும் நேரமும் போடும் கணக்கில்தான் அது பெரும்பாலும் உடைகிறது. சம்பவம் மதுரையில் இரவு 9.30, கையில் இருப்பது திருச்சி மருத்துவமனையின் வெளிநோயாளிச் சீட்டு, மாலை 5 மணி. இடையில் நாலரை மணி நேரம். சாலை வழி சுமார் 135 கிலோமீட்டர். சீட்டு உண்மையாக இருந்தாலும் அலிபி இல்லை. சம்பவ இடத்தில் எதிரி இருந்திருக்கவே முடியாது என்ற நிலை வர வேண்டும். 1996-இன் பினய் குமார் சிங் தீர்ப்பு எதிர்பார்ப்பது அந்தக் கறாரான நிரூபணத்தை. சீட்டில் தேதி மட்டும் இருந்து நேரம் இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம்.

சரக்கு எங்கே என்ற கேள்வியும் இங்கேதான் கடிக்கிறது. சிசிடிவி பதிவு சில வாரங்களில் மேலெழுதப்பட்டிருக்கும். செல்போன் அழைப்பு விவரங்களை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டிய காலம் 2 ஆண்டு. மேல்முறையீடு பட்டியலுக்கு வரும்போது பெரும்பாலும் அது தாண்டியிருக்கும். கிடைத்தாலும் மின்னணுச் சான்றிதழ் வேண்டும். அதுவும் போன் எங்கிருந்தது என்று சொல்லுமே தவிர ஆளைச் சொல்லாது. கூடுதல் சாட்சியம் கேட்க பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 391, இன்றைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 432 வழி இருக்கிறது. ‘விசாரணையில் ஏன் தரவில்லை?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை. எதிரி அலிபியை முதன்முதலாகச் சொன்னது, அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்தபின் நீதிபதி அவரிடமே கேட்கும் கேள்வி நடவடிக்கையில் என்றால் இன்னும் சிரமம். ஜாமீன் மனுவிலேயே சொல்லியிருந்தால் அந்த மனுவின் நகலைத் தேடி எடுங்கள்.

பொய் அலிபி அரசுத் தரப்பின் ஓட்டையை அடைக்காது. ஆனால் சாட்சியச் சங்கிலியின் மற்றக் கண்ணிகள் முழுமையாக இருந்தால் கூடுதல் கண்ணியாகச் சேரும் என்பதை 1984-இன் சரத் பிர்திசந்த் சர்தா தீர்ப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அரைகுறை அலிபியை வாதத்தில் நுழைக்கும் விலை இது.

என் சாய்வு செல்லாத இடமும் உண்டு. சாட்சி பக்கத்து வீட்டுக்காரர், பத்து வருடப் பழக்கம் என்றால் ‘ஆளை மாற்றிக் காட்டினார்’ என்பது எடுபடாது. காயம்பட்ட சாட்சி என்றால் அவர் அங்கே இருந்ததை அசைப்பதே கடினம். அங்கே அவருடைய பகையையும் முரண்பாடுகளையும் பிடிக்க வேண்டும்; நேரத்தோடு கூடிய வருகைப் பதிவேடு போன்ற திடமான அலிபி ஏற்கெனவே விசாரணையில் சான்றாவணமாகக் குறியீடு செய்யப்பட்டிருந்தால் அதை முதலில் வைக்கலாம். கும்பல் வழக்கில், பதினைந்து பேரில் ஒருவருக்கு மட்டும் அலிபி இருக்கும்போது எது முந்த வேண்டும் என்று அடித்துச் சொல்லத் தயங்குவேன்.

மற்ற வழக்குகளில் மேல்முறையீட்டு மனுவின் முதல் நான்கைந்து காரணங்கள் அடையாளத்துக்கு. அலிபி, சான்றாவண எண்ணோடு சேர்த்துச் சொல்ல முடிந்தால் கடைசியில் ஒரு பத்தி. எண் இல்லையென்றால் அதுவும் வேண்டாம்.