ஜான்சனா, நிக்சனா: யாரிடமிருந்து தொடங்குவது?

அமெரிக்க அதிபர்களின் தில்லுமுல்லுகளைப் படிக்க வருகிறவர்கள் லிண்டன் ஜான்சன், ரிச்சர்ட் நிக்சன் என்ற இந்த இருவரிடம்தான் தடுமாறுகிறார்கள்.

தில்லுமுல்லு:
ஜான்சன் – 1948, டெக்சாஸில் ஜனநாயகக் கட்சி தன் செனட் (மேலவை) வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த உட்கட்சித் தேர்தல். வாக்குப்பதிவு முடிந்து ஆறாம் நாள், ஆலிஸ் ஊரின் 13ஆம் எண் பெட்டிக்குரிய வாக்களித்தோர் பட்டியலில் 202 பெயர்கள் புதிதாக முளைத்தன. ஒரே மை, ஒரே கையெழுத்து, பெரும்பாலும் அகரவரிசை! அதில் 200 ஓட்டு ஜான்சனுக்கு. வென்றது 87 ஓட்டில்.
நிக்சன் – 1972 ஜூன் 17, வாஷிங்டனில் எதிர்த்தரப்பான ஜனநாயகக் கட்சியின் தலைமையகம் இருந்த வாட்டர்கேட் கட்டடம். நிக்சனின் தேர்தல் குழுவுக்காக ஆட்கள் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்தார்கள். கதவுத் தாழ்ப்பாளில் ஒட்டிய டேப்பைக் காவலாளி பிய்த்தெறிந்தார். நுழைந்தவர்கள் மறுபடி ஒட்டினார்கள். இரண்டாம் முறை பார்த்ததும் அவர் போலீஸை அழைத்தார். ஐந்து பேர் சிக்கினார்கள்.

விலை:
ஜான்சன் – பதவி போகவில்லை.
நிக்சன் – எஃப்.பி.ஐ. விசாரணையை சி.ஐ.ஏ. மூலம் தடுக்கச் சம்மதித்தது அவருடைய அலுவலக ஒலிநாடாவிலேயே பதிவாகியிருந்தது. 1974 ஆகஸ்ட் 9இல் பதவி போனது. உள்ளே நுழைந்ததைவிட மூடி மறைத்ததுதான் கவிழ்த்தது.

நன்மை:
ஜான்சன் – இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைகள் சட்டம், 1965 வாக்குரிமைச் சட்டம், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர். கள்ள ஓட்டில் செனட்டுக்குப் போனவர்தான் கறுப்பின மக்களின் ஓட்டைக் காத்தார். இது மனதை உலுக்குகிறது.
நிக்சன் – சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 1972 சீனப் பயணம்.

தீமை: வியட்நாம், இருவர் கணக்கிலும்.

தேர்தல் மோசடியின் நுட்பம் தெரிய வேண்டுமா, ஜான்சன். நீதிமன்றமும் நாடாளுமன்றமும் ஓர் அதிபரை எப்படி மடக்கின என்று பார்க்க வேண்டுமா, நிக்சன்; ஆவணமும் அவருக்கே அதிகம், ஒலிநாடா மட்டும் சுமார் 3,700 மணி நேரம்.