சாரல் ஊரில் ஒரு வாடகை வீடு: நாலு சீசனில் எது நின்றது, எது வீணாய்ப் போனது

செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற சாலையை ஒட்டி எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீடு இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை மலையாளச் சீமையோடு இருந்த ஊர். வீடும் அந்தக் காலத்துக் கட்டுதான்: சரிந்த ஓடு, முன்னும் பின்னும் நீளத் தாழ்வாரம், இரண்டு அறை, ஒரு கூடம். 2022 ஜூனில் நாள் வாடகைக்கு விட ஆரம்பித்தோம். நாலு குற்றால சீசனும் மூன்று சபரிமலை சீசனும் ஓடிவிட்டன. இதே மாதிரி வீடு தயார் செய்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் கைவிட்டது அலமாரி. பார்ட்டிக்கிள் போர்டில் செய்த, கண்ணாடி பதித்த அலமாரிகள் இரண்டு வாங்கினோம். பார்க்க அழகாக இருந்தன. ஆடியில் இரண்டு வாரம் விடாமல் சாரல் அடித்ததும் கீழ்ப்பலகை உப்பி, கதவு மூட மறுத்தது. இரண்டாம் வருடம் உள்ளே பூஞ்சை வாடை. அதில் துணி வைக்க யாருக்கு மனசு வரும்? இப்போது சுவரில் திறந்த மரத்தட்டுகள்தான் இருக்கின்றன. இரண்டு நாள் தங்குகிறவர்கள் பெட்டியைத் திறந்து வைக்க ஒரு மேடையும் சட்டை மாட்ட ஒரு கம்பியும் இருந்தால் போதும் என்பது அப்புறம்தான் புரிந்தது. ஆனால் புனலூர் பக்கம் இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பழைய அயினிக் கட்டில்கள் இன்னும் அசையவில்லை. மலையாளத்தில் ஆஞ்ஞிலி என்பார்களே, அந்த மரம்தான்.

இலவம்பஞ்சு மெத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதற்கு வெயில் வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே வெயிலை எதிர்பார்க்க முடியாது. ஈரத்தை இழுத்துக் கட்டி கட்டியாகிவிட்டது. ஃபோம் மெத்தைக்கு மாறி, மேலே தண்ணீர் இறங்காத உறை போட்டோம். மூன்று வருடமாகக் குறை இல்லை.

இனி துண்டு. இதை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஹோட்டலில் தருவது போல கனமான வெள்ளைத் தேங்காய்ப்பூத் துண்டு இருபது வாங்கினோம். விருந்தாளிகள் காலையில் ஐந்தருவி, மத்தியானம் பழைய குற்றாலம், சாயங்காலம் பேரருவி என்று மூன்று முறை நனைந்துவிட்டு வருகிறார்கள். அந்தத் துண்டு இரண்டு நாளானாலும் காயாது, நாற்றம் வேறு. மூன்றாம் மாதமே ஈரிழைத் துண்டுக்கு மாறினோம். மெல்லியது, மின்விசிறிக் காற்றிலேயே சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆளுக்கு இரண்டு வைக்கிறோம். தேங்காய்ப்பூத் துண்டு கேட்கிறவர்களுக்கு நாலு மட்டும் தனியாக இருக்கிறது. கேட்டவர்கள் சொற்பம்.

விருதுநகர் பக்கமிருந்து பத்துப் பேராக வந்த குடும்பத்துப் பெரியம்மா ஒருத்தர், வந்த முதல் நாளே கேட்டார்: "தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நனைஞ்ச துணிய எங்கப்பா காயப்போட?"

அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. கூடத்துச் சுவருக்கு ஓவியம் வாங்கின நாங்கள் ஒரு கொடி கட்டவில்லை. அடுத்த வாரமே பின் தாழ்வாரத்தில் துருப்பிடிக்காத கம்பியில் ஆறு கொடி இழுத்தோம். சாரல் தெறிக்காமல் வெளிப்பக்கம் ஒளி புகும் ஷீட், மேலே இரண்டு மின்விசிறி. ஒவ்வொரு அறையிலும் எட்டு கொக்கி. இந்த வீட்டுக்குச் செலவழித்ததில் இதைப் போலப் பலன் தந்தது வேறில்லை. மறுபடி வருகிறவர்கள் போனில் அடையாளம் சொல்வதே "கொடி போட்ட வீடு" என்றுதான்.

அடுத்தது எண்ணெய். குற்றாலத்துக்கு வந்து எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் போகிறவர் குறைவு. தலையில் மிச்சமிருக்கும் எண்ணெய் எல்லாம் தலையணையில் இறங்கும். வெள்ளை உறைகள் ஒரே சீசனில் மஞ்சளாகிவிட்டன. பிளீச்சிங் போட்டதில் துணி நைந்ததுதான் மிச்சம். துவைக்க வரும் அக்கா சொன்ன வழி: பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைக் கறையில் தடவி அரை மணி நேரம் விட்டு, அப்புறம் துவைப்பது. அது நன்றாகக் கேட்கிறது. இப்போது அடர்நிற உறை, அதற்குள் இன்னொரு உறை. எண்ணெய் துடைக்கவென்று பழைய வேட்டித் துணியும் மடித்து வைக்கிறோம்.

கேரள எல்லைப் பக்கம் 'பார்டர்' என்று சொல்கிற இடத்துக் கடைகளில் பரோட்டாவும் சால்னாவும் பார்சல் வாங்கி வந்து வீட்டில் சாப்பிடுகிறவர்கள் அதிகம். சால்னாக் கறைக்கு மரமேசை தாங்காது, கிரானைட் பலகை போட்டுவிட்டோம். நனைந்து வருகிறவர்களுக்கு கெட்டிலும் பெரிய ஃபிளாஸ்க்கும் அவசியம்.

தண்ணீர் வரத்து கூடி அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டால் குழந்தைகளோடு நாள் முழுக்க வீட்டில்தான். கேரம் போர்டு ஈரத்தில் வளைந்தது. பல்லாங்குழியும் தாயமும் தாழ்வாரத்து ஊஞ்சலும்தான் அந்த நாட்களைக் காப்பாற்றுகின்றன.

கார்த்திகை பிறந்தால் வீட்டின் தேவையே மாறிவிடுகிறது. சபரிமலை போகிற வழியில், அச்சன்கோவிலுக்கும் ஆரியங்காவுக்கும் சேர்த்துப் போகிற சாமிமார்கள் இரவு தங்குவார்கள். விரதத்தில் இருப்பவர்கள் கட்டில் மெத்தையில் படுப்பதில்லை. முதல் வருடம் பன்னிரண்டு பேருக்கு என்னிடம் இருந்தது நாலே பாய். வெறும் தரையில் துண்டை விரித்துப் படுத்தார்கள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அடுத்த வருடம் பத்தமடைக்குப் போய் கோரைப் பாய் பதினைந்து வாங்கி வந்தேன். இருமுடி வைக்க உயரமான மரப்பலகை, பூஜைக்குக் கிழக்குச் சுவர் ஓரம் ஒழித்த இடம், அதிகாலையில் வரிசையாகக் குளிக்க ஆறு வாளி. அந்த மாதங்களில் சமையலறையில் சைவப் பாத்திரம் மட்டும்.

கோரைப் பாயை ஈரத்தோடு சுருட்டினால் கறுத்துவிடும். விரித்து ஆறவிட்டு, சுருட்டி, நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். மூன்று பாயை அப்படி இழந்தேன். இந்தக் கார்த்திகைக்கு முன்னால் பத்தமடைக்கு இன்னொரு தடவை போக வேண்டும்.