எண்ட்கேம் புதிர்களும் டேபிள்பேஸும்: சில வருட அனுபவம்

லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தை நான் ஆட்டம் ஆடத் திறப்பது குறைவு. எண்ட்கேம் நிலைகளை, அதாவது சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டத்தை, அடுக்கிப் பார்க்கத்தான் சில வருடங்களாகத் திறக்கிறேன். காசு கேட்பதில்லை, விளம்பரமும் கிடையாது. ராஜாக்களையும் சேர்த்து 7 காய்களுக்கு மேல் இல்லையென்றால், எந்த நகர்த்தல் ஜெயிக்கும், எது டிரா, எது தோல்வி என்று டேபிள்பேஸ் (முன்கூட்டியே முழுக்கக் கணக்கிட்டு வைத்த நிலைகளின் தொகுப்பு) அப்படியே சொல்லிவிடும். என்ஜின், அதாவது செஸ் ஆடும் கணினி நிரல், தருவது மதிப்பீடு. இது முடிந்த தீர்ப்பு.

தீர்ப்பே கையில் இருக்கும்போது பேச என்ன மிச்சம் என்று கேட்பவர்களுக்கு சாவேத்ரா நிலை என்ற பழைய புதிரைத்தான் போட்டுக் காட்டுவேன். வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. மொத்தமே நான்கு காய்கள். சிப்பாய் சி7-க்குப் போனதும் கறுப்பு யானை டி வரிசையிலேயே செக் மேல் செக் வைக்கும். வெள்ளை ராஜா பி5, பி4, பி3 என்று இறங்கி சி2-க்கு வரும். அப்போது கறுப்பு யானை டி4-க்குப் போகும். சிப்பாய் சி8-க்குப் போய் ஆசையாக ராணி எடுத்தால் யானை சி4-இல் செக். ராணி அதை வெட்டினால் ஸ்டேல்மேட்: கறுப்புக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை, டிரா. ராணிக்குப் பதில் யானை எடுக்க வேண்டும்! ஏ8-இல் மேட் மிரட்டல் வருவதால் கறுப்பு யானை ஏ4-க்குப் போயே ஆகவேண்டும். உடனே வெள்ளை ராஜா பி3. யானையும் அடிபடுகிறது, சி1-இல் மேட்டும் காத்திருக்கிறது.

1895-இல் கிளாஸ்கோ பத்திரிகை ஒன்றின் செஸ் பகுதியில் அதை எழுதிவந்த பார்பியர் இதை டிரா என்றுதான் போட்டார். அங்கே இருந்த ஸ்பானியப் பாதிரியார் சாவேத்ராதான் யானை எடுக்கலாமே என்று சுட்டிக்காட்டினார். ஒருவர் போட்டதை இன்னொருவர் நோண்டியதால் பிறந்த புதிர் இது. டேபிள்பேஸைத் திறந்தவுடன் பார்த்திருந்தால் ‘சி8 யானை, வெற்றி’ என்று ஒரு வரி வந்திருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு சங்கதி, புதிதாக வருபவர்களைக் குழப்புவது. லிசெஸ் காட்டும் சிஸிஜி வகை டேபிள்பேஸ் மேட்டுக்கு எத்தனை நகர்த்தல் என்று எண்ணுவதில்லை. அடுத்த வெட்டுக்கோ சிப்பாய் நகர்த்தலுக்கோ எத்தனை என்றுதான் எண்ணும். 50 நகர்த்தல் விதிக்காகச் செய்த ஏற்பாடு (வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ இல்லாமல் 50 நகர்த்தல் போனால் டிரா கேட்கலாம்). அதனால் மேட் பக்கத்திலேயே இருக்க, சம்பந்தமில்லாமல் சிப்பாயைத் தள்ளச் சொல்லும். அதைப் பார்த்துத் திட்டம் கற்றுக்கொள்ள முடியாது. 7 காய்களில் மிக நீண்ட வெற்றிக்கு 549 நகர்த்தல்கள் வேண்டும். எந்த கிராண்ட்மாஸ்டராலும் அதை விளக்க முடியாது, விளக்கிக் கேட்கவும் ஆள் இருக்காது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கட்டுப்பாடு: ராத்திரி பத்து மணி வரை யாரும் டேபிள்பேஸைத் திறக்கக் கூடாது. ‘ராஜா எஃப்6 போனா முடிஞ்சுது’ என்று ஒருவர் எழுதினால், ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் (எல்லோருக்கும் அவர் ‘சார்’) உடனே கேட்பார்: “சரி தம்பி, அவன் வெட்டாம சும்மா ஒரு காத்திருப்பு நகர்த்தல் வெச்சா?” பாதிப் புதிர்கள் அங்கேதான் உடையும். இரண்டாவது விடை கிடைத்துவிட்டால் ‘குக்’ ஆயிடுச்சு என்று அவருக்குக் குழந்தைச் சந்தோஷம். நல்ல விவாதங்களை லிசெஸ் ‘ஸ்டடி’யில் அத்தியாயமாகச் சேர்த்து வைக்கிறோம். ஒரு ஸ்டடிக்கு 64 அத்தியாயங்கள்தான், சீக்கிரம் நிரம்பிவிடும்.

ரேட்டிங் ஏறுமா? இயற்றிய புதிர்களால் மட்டும் ஏறும் என்று சொல்ல மாட்டேன். அதற்கு லுசேனா, ஃபிலிடோர் என்ற அடிப்படை யானை எண்ட்கேம் நிலைகளை மனப்பாடமாக வைத்திருப்பதே மேல். ஆனால் எதிராளியின் கடைசி வழியைத் தேடும் பழக்கம் புதிரில்தான் வரும். காய்களை மாற்றிக்கொண்டால் மிஞ்சும் சிப்பாய் ஆட்டம் யாருக்கு என்ற கேள்வியும் அப்படித்தான். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 14-ஆவது ஆட்டத்தில் டிங் லிரென் யானையை எஃப்2-க்கு வைத்ததும் குகேஷ் யானையையும் பிஷப்பையும் மாற்றி உலகப் பட்டத்தை எடுத்தது அந்தக் கணக்கில்தான்.

7 காய்களுக்கு மேல் போனால் மறுபடி நம் தலைதான். இந்த வாரம் ஓடுவது 9 காய் நிலை. வெள்ளை ஒரு பிஷப் அதிகம், கறுப்பு மூலையில் உள்ளே புக வழிவிடாத அரண் கட்டி உட்கார்ந்திருக்கிறது. என்ஜின் வெள்ளைக்கு மூன்று புள்ளி சாதகம் காட்டுகிறது. சார் டிரா என்கிறார். நான் சார் பக்கம்.