தகுதிச் சோதனையில் ஃபெயில் என்றதும் பார்ட்ஸ் மாற்றச் சம்மதிக்காதீர்கள்

என் காருக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. கட்டாயத் தகுதிச் சோதனைக்கு இந்த முறை எடுத்துப் போனபோது இரண்டு குறை எழுதி ஃபெயில் போட்டார்கள்: முன் பிரேக், பால் ஜாயிண்ட் (சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் முனையில் இருக்கும் உருண்டை மூட்டு). இரண்டுமே அப்படி எழுதியிருக்க வேண்டியவை அல்ல. பால் ஜாயிண்ட் விஷயத்தில் அதை நிரூபித்துவிட்டேன். பிரேக் விஷயத்தில் முடியவில்லை, இனிமேலும் முடியாது. ஏன் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் முடிய இரண்டே நாள் இருந்தது. எனக்குக் காய்ச்சல், ஒன்பது நாள் வண்டியைத் தொடவே இல்லை. அந்த நாட்களில் அம்மாவை டயாலிசிஸுக்கு என் கூடப்பிறந்த அண்ணன்தான் தன் வண்டியில் கூட்டிப் போனார். உடம்பு தேறியதும் முதல் வேலையாகக் காரை நன்றாகக் கழுவி, பக்கத்திலேயே இருக்கும் சோதனை மையத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மொத்தமே இரண்டு கிலோமீட்டர்தான். இந்த ஒன்பது நாள், கழுவியது, இரண்டு கிலோமீட்டர் மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரத்தில் சோதனையாளர் வந்தார். "மேடம், முன் பிரேக் பிடிக்கிறதில் இடது வலது வித்தியாசம் ரொம்ப அதிகம். லோயர் பால் ஜாயிண்டிலும் பிளே, அதாவது ஆட்டம் இருக்கு. இப்படியே ஓட்டினா ஆபத்து" என்றார். பால் ஜாயிண்டைக் காட்டுங்கள் என்று கேட்டேன். சக்கரத்துக்கு அடியில் நீளமான இரும்புக் கம்பியை விட்டு நெம்பினார். ஏதோ அசைந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அம்மா உட்காரும் வண்டியாயிற்றே.

மையத்தோடு ஒட்டியே ஒரு ஒர்க்‌ஷாப். "இங்கேயே பார்த்துடலாம் மேடம், இன்னிக்கே மறுபடி டெஸ்ட் போட்டு சர்டிஃபிகேட் வாங்கிடலாம்" என்றார்கள். எஸ்டிமேட்டில் முன் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) இரண்டு, அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் ஒரு செட், பால் ஜாயிண்ட் இருக்கும் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கை) இரண்டு. சரி என்று சொல்லிவிட்டேன். பிரேக் வேலை அன்றைக்கே முடிந்தது. லோயர் ஆர்ம் கைவசம் இல்லை, வர இரண்டு நாளாகும் என்றார்கள். அந்தத் தாமதம்தான் என்னைப் பாதியாவது காப்பாற்றியது. கழற்றிய பழைய டிஸ்க்கையும் பேடையும் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டேன். அப்பா சொல்லிக்கொடுத்த பழக்கம் அது, சந்தேகப்பட்டு வாங்கவில்லை.

மறுநாள் காலை, எங்கள் வண்டியை முதல் நாளிலிருந்து பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். லோயர் ஆர்ம் அவரிடம் சீக்கிரம் கிடைக்குமா என்று கேட்பதற்காக. டிக்கியில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதை எதுக்கு மாத்தினே?" என்றார். கனம் அளக்கும் வெர்னியரை எடுத்து அளந்தார். பேடில் இன்னும் 7 மில்லிமீட்டர் இருந்தது. பல கார்களில் புதுப் பேடே 10, 12 மில்லிமீட்டர்தான் இருக்கும். டிஸ்க்கின் விளிம்பைத் துணியால் துடைத்து, அங்கே பொறித்திருந்த எழுத்தைக் காட்டினார். குறைந்தபட்சக் கனம் 22 மில்லிமீட்டர். வெர்னியர் காட்டியது 24.1. இன்னும் நிறைய நாள் ஓடியிருக்கும்.

அப்படியானால் மெஷின் பொய் சொன்னதா? இல்லை. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பிரேக் சோதனையில் ஒரு ஆக்ஸிலின் இரண்டு சக்கரங்களும் சுழலும் உருளைகளின் மேல் நிற்கும். உருளை மெதுவாகச் சக்கரத்தைச் சுற்றும், நீங்கள் பிரேக் மிதிக்கும்போது ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையோடு எதிர்க்கிறது என்று தனித்தனியாகப் பதிவாகும். என் தாளில் இடது 1.6, வலது 2.6 கிலோநியூட்டன். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, பெரியதால் வகுத்தால் வித்தியாசம் 38 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில் ஒரு சக்கரத்தின் விசை, அதே ஆக்ஸிலின் மற்ற சக்கரத்தில் பதிவான அதிகபட்ச விசையில் 70 சதவீதத்துக்குக் குறைந்தால் பெரிய குறை. அதாவது 30 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. எனக்கு ஃபெயில் போட்டதும் அதே 30 சதவீதக் கணக்கில்தான். ஆக, எண்ணைப் பார்த்தால் ஃபெயில்தான். ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஈரத்தில் நின்ற டிஸ்க்கின் மேல் மெல்லிய துரு படியும். ஒன்பது நாள் நின்ற வண்டி, அதற்கு மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவியது, இரண்டு கிலோமீட்டரில் நான்கைந்து தடவைதான் பிரேக் மிதித்திருப்பேன். துரு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேயாது. ஒரு பக்க டயரில் காற்று குறைந்திருந்தாலும் எண் மாறும். அப்படி ஒரு வித்தியாசம் வந்தால் நாலைந்து தடவை பிரேக்கை மிதித்துச் சூடாக்கிவிட்டு மறுபடி அளப்பதுதான் முறை என்றார் மெக்கானிக் அண்ணன். எனக்கு ஒரே ஒரு தடவைதான் அளந்தார்கள். தாளில் நேரத்தோடு ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது. அதே தாளில் மொத்த பிரேக் திறன் 63 சதவீதம் என்றும் இருந்தது. 2012-க்குப் பின் பதிவான கார்களுக்கு ஐரோப்பிய விதி கேட்பது 58 சதவீதம். பிரேக் தேய்ந்துபோன வண்டி என்று சொல்ல அந்தத் தாளில் எதுவுமே இல்லை. எண்களை அன்றைக்கு நான் படித்திருந்தால், குறைந்தது "ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வருகிறேன், மறுபடி அளங்கள்" என்றாவது கேட்டிருப்பேன்.

அடுத்து மெக்கானிக் அண்ணன் என் வண்டியை ஜாக்கியில் தூக்கினார். பால் ஜாயிண்டைப் பற்றி அவர் காட்டியதை அப்படியே சொல்கிறேன். லோயர் ஆர்மின் ஒரு முனையில் பால் ஜாயிண்ட், உள் முனையில் ரப்பர் புஷ். ரப்பர் புஷ் அசைவதற்காகவே வைத்தது. நீளமான கம்பியை வைத்து நெம்பினால் ரப்பர் நசுங்கி ஆர்ம் மொத்தமாக நகரும், விட்டால் திரும்பிவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஜாயிண்ட் ஆடுவது போலத்தான் தெரியும். உண்மையில் ஜாயிண்ட் தேய்ந்திருந்தால் கிண்ணத்துக்கும் அதற்குள் சுழலும் உருண்டைத் தலைக்கும் நடுவே இடைவெளி திறந்து மூடும், பெரும்பாலும் "டக் டக்" என்று தட்டும். எந்த இடத்தில் ஜாக்கி வைக்கிறோம் என்பதும் முக்கியம். என் வண்டியில் இருப்பது போன்ற, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக நிற்கும் ஸ்ட்ரட் சஸ்பென்ஷனில் பாடிக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் லோயர் ஆர்மின் மேலேயே உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்தால்தான் ஜாயிண்டின் மேல் இருக்கும் சுமை இறங்கும். மாற்றிச் செய்தால் நல்ல ஜாயிண்ட் கெட்டது போலவோ, கெட்டது நல்லது போலவோ தெரியலாம்.

என் ஜாயிண்டில் ஆட்டம் இல்லை. அதை மூடியிருக்கும் ரப்பர் டஸ்ட் கவரில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு விரிசல்.

அன்று மாலையே லோயர் ஆர்ம் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சோதனை மையங்களைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தேன். மையத்தில் இருந்தவர் போனில், "அதெல்லாம் வேஸ்ட் மேடம், மாசக்கணக்கா இழுப்பாங்க. அந்தக் காசுக்கு ஆர்மையே மாத்திடலாம்" என்றார். பலரும் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். விடாதீர்கள். சான்றிதழ் இல்லாத நாட்களில் என் கூடப்பிறந்த அண்ணன் வண்டியும் வாடகைக் காருமாக அம்மாவைக் கூட்டிப் போனோம். சிரமம்தான், சமாளித்தோம்.

மறுசோதனை வேறொரு இடத்தில், வேறொரு அதிகாரி முன்னால் நடந்தது. அவர் எடுத்த எடுப்பில் கம்பியைத் தொடவில்லை. உதவியாளரைச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு அடியில் போய் ஜாயிண்டின் இடுக்கில் விரலை வைத்தபடி படுத்திருந்தார். அப்புறம்தான் கம்பியால் லேசாக நெம்பிப் பார்த்தார். எழுந்து வந்து, "நீங்களும் விரல் வச்சுப் பாருங்க மேடம். தேஞ்சிருந்தா விரலுக்குத் தெரியும்" என்றார். வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பால் ஜாயிண்டில் ஆட்டம் இல்லை, டஸ்ட் கவரில் சிறு விரிசல், அது சிறு குறை என்று எழுதினார். சிறு குறைக்கு வண்டி பாஸ்தான். ஐரோப்பிய விதியில் குறைகளைச் சிறியது, பெரியது, ஆபத்தானது என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். பிரிட்டனிலும் 2018 மே மாதத்திலிருந்து அப்படித்தான். உங்கள் தாளில் எழுதியிருப்பது எந்த வகை என்று கட்டாயம் பாருங்கள்.

பிரேக் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது ஒரே வரி: "மாத்தின அப்புறம் நான் என்னத்தைச் சொல்ல முடியும்?" பழைய டிஸ்க்கை நீட்டினேன். இது இந்த வண்டியில்தான் இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. பிரிட்டனில் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 14 வேலைநாள் அவகாசம் உண்டு, அது முடியும்வரை அந்தக் குறையைப் பழுது பார்க்காதீர்கள் என்று அரசே சொல்கிறது. அந்த விதியின் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பழுது பார்த்த நிமிடமே சாட்சி அழிந்துவிடுகிறது.

இதை வைத்து எல்லா ஃபெயிலும் ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பால் ஜாயிண்ட் நிஜமாகவே கழன்றால் சக்கரம் மடங்கி ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விடும். ஆபத்தானது என்று எழுதிய வண்டியை, வேறொருவர் பார்த்துச் சொல்லும்வரை ஓட்டாதீர்கள். என் மெக்கானிக்கிடம் போகும்போது நான் ஓட்டிக்கொண்டு போனது சரியில்லை, அவரை வரவழைத்திருக்க வேண்டும். சந்தேகத்துக்கு வழி வைப்பது, சோதிப்பவரும் பழுது பார்ப்பவரும் ஒரே கல்லாவுக்கு வேலை செய்வதுதான். சோதனையாளருக்கு அந்த முடிவில் சொந்த லாபம் எதுவும் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய விதி எழுதியே வைத்திருக்கிறது.

இந்த மூன்று வாரத்தில் விசாரித்ததில், சர்ச்சை அதிகம் வரும் இடங்கள் இன்னும் சில தெரிந்தன. புகைச் சோதனையில் என்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சில நூறு டிகிரிச் சூட்டில்தான் வேலை செய்யத் தொடங்கும், வரிசையில் அரை மணி நேரம் அணைத்து நிறுத்தினால் நல்ல வண்டியும் தோற்கலாம். சைலன்சர் குழாயில் சிறு ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவையே கெடுத்துவிடும். என்ஜின் லைட் எரிகிறது என்று முந்தின நாள் இரவு பேட்டரியைக் கழற்றி மாட்டாதீர்கள். கம்ப்யூட்டரில் உள்ள சுயசோதனைப் பதிவுகள் அழிந்துவிடும், அவை முடியாமல் இருந்தாலே சில நாடுகளில் வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியைச் சாதாரண உருளையில் ஏற்றக் கூடாது, அதற்கு வேறு முறை இருக்கிறது. ஹெட்லைட் உயரத்தை மாற்றும் திருகு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் பள்ளமேடு) தேய்ந்துவிட்டது என்று சொன்னால் ஆழமானியை வைக்கச் சொல்லுங்கள். பல நாடுகளில் வரம்பு 1.6 மில்லிமீட்டர். பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சின்ன ரப்பர் மேடும் அந்த உயரத்தில்தான் இருக்கும்.

எதுவாக இருந்தாலும் தாளைக் கேட்டு வாங்குங்கள். "பிரேக் சரியில்லை" என்ற எழுத்து போதாது, எண் வேண்டும், வரம்பு எவ்வளவு என்று வேண்டும், எத்தனை தடவை அளந்தார்கள் என்று வேண்டும். குறையைக் காட்டும்போது போனில் வீடியோ எடுங்கள். பார்ட்ஸ் கழற்றுவதாக இருந்தால், வண்டியில் இருக்கும்போதே நம்பர் பிளேட்டோடு சேர்த்துப் படம் எடுத்துவிடுங்கள். அந்த ஒரு படம் இருந்திருந்தால் அந்த அதிகாரி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்கும்.

மறுசோதனைக்குக் கட்டிய பணம் திரும்ப வந்துவிட்டது. பிரேக்குக்குக் கொடுத்தது வராது, மையம் என் கடிதத்துக்கு இதுவரை பதிலும் போடவில்லை. பழைய டிஸ்க் இரண்டும் மெக்கானிக் அண்ணனின் கடையில் இருக்கின்றன. சோதனைக்குப் போகும் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக அவரே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். லோயர் ஆர்ம் இன்னும் பழையதுதான் ஓடுகிறது. டஸ்ட் கவரை மட்டும் வரும் சனிக்கிழமை மாற்றுகிறோம்.