அப்ரண்டிஸ் சீட்டுக்கு 38,000 ரூபாயா? கட்டாதீர்கள்!

நேற்று சாயங்காலம் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு நான்காவது தடவையாக அந்த மாடிப்படி ஏறி, வெறுங்கையோடு இறங்கினேன். ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பெங்களூரு ஸ்ரீராமபுரம். தம்பி ஐடிஐயில் ஃபிட்டர் முடித்தவன். டிப்ளமோ படிக்கவைக்க வீட்டில் வசதியில்லை. "ஒரு வருஷம் அப்ரண்டிஸ் போனா பெரிய கம்பெனியில உள்ள நுழைய ஒரு வழி கிடைக்கும்க்கா" என்றான். கம்பெனியில் உதவித்தொகையோடு வேலை பழகுவதுதான் அப்ரண்டிஸ். அவன் நினைத்ததில் தப்பில்லை. நான் கூட்டிப்போன இடம்தான் தப்பு.

பீன்யா பக்கம் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறை. பயிற்சி, வேலைவாய்ப்பு ஆலோசனை என்று போர்டு. பேர் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம் என்று ஏற்கெனவே மிரட்டியாயிற்று.

அங்கிருந்தவர் கன்னடத்தில் ஆரம்பித்தார். அம்மா திணறுவதைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "எந்த ஊரும்மா?" திருப்பத்தூர் பக்கம் என்றார் அம்மா. "அட, என் சம்சாரம் வாணியம்பாடி!" உடனே கீழேயிருந்து டீ வந்தது. அப்புறம் நிதானமாக விளக்கினார். 1961லேயே அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது, ஐடிஐ முடித்தவனுக்கு மாதம் குறைந்தது 7,000 உதவித்தொகை, அதில் கால் பங்கை, 1,500 வரைக்கும், மத்திய அரசே தரும், கடைசியில் தேர்வெழுதினால் தேசியச் சான்றிதழ். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அத்தனையும் உண்மை! அந்த உண்மைகளை நம்பித்தான் அவரையும் நம்பினேன். 'சீட் பிடிக்க' 38,000 கட்டவேண்டும் என்ற ஒன்றுதான் பொய்.

அம்மா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தது 20,000. என் தோட்டை அடகு வைத்தது 18,000. ஜிபேயில் போடும்போது கம்பெனி பேர் வரவில்லை, யாரோ ஒரு பெண்ணின் பேர் வந்தது. கேட்டேன். "எங்க அக்கவுண்டன்ட்தாம்மா" என்றார். கட்டைவிரல் ஒரு நொடி நின்றது. "நம்ம ஊர்க்காரங்கடி, போடு" என்றார் அம்மா. போட்டுவிட்டேன். அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பீன்யாவிலேயே ஒரு ஷெட்டுக்கு அனுப்பினார்கள். அரத்தால் பிசிறு எடுப்பது, பெட்டி கட்டுவது, லாரியில் ஏற்றுவது. 23 நாள். அரசு போர்ட்டலில் பதிவாகவேண்டிய அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தைக் கேட்டால் "போர்ட்டல்ல சர்வர் டவுன்". உதவித்தொகை கேட்டால் "மாசம் முடியட்டும்". 24ஆம் நாள், ஆர்டர் இல்லை, வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அவனுடைய பழைய ஐடிஐ வாத்தியார் அரசு அப்ரண்டிஸ் போர்ட்டலில் அவன் கணக்கைத் திறந்து பார்த்தார். அவன் பேரில் ஒப்பந்தமே பதிவாகவில்லை. சட்டத்தின் கண்ணில் அவன் அப்ரண்டிஸே இல்லை!

முதல் தடவை போனபோது "சார் மீட்டிங்". இரண்டாவது தடவை "சார் ஹூப்ளி போயிருக்கார்". மூன்றாவது தடவை ரசீதைப் படிக்கச் சொன்னார்கள். கீழே பொடி எழுத்தில் 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது'. 38,000 ரூபாய்க்கு என்ன ஆலோசனை? ஒரு டீ! நேற்று அந்த வாணியம்பாடி மாப்பிள்ளை தமிழே தெரியாதவர் மாதிரி கன்னடத்தில் பேசி அனுப்பினார்.

அப்ரண்டிஸ் தேடுகிறவர்களுக்கு விவரமாக ஒரு வழிகாட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அரசு போர்ட்டலில் பதிவு செய்யக் காசு கிடையாது. அப்ரண்டிஸுக்குக் கம்பெனிதான் பணம் தரவேண்டும், நாம் யாருக்கும் தரவேண்டியதில்லை. ஒப்பந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்காமல் பையனை வேலையில் விடாதீர்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். பையன் படித்த ஐடிஐயில்தான் முதலில் போய்க் கேளுங்கள், நான் அதைக்கூடச் செய்யவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915, நான் இன்று காலை புகார் கொடுத்திருக்கிறேன்.

தம்பி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. 38,000 போனது அவனால்தான் என்று நினைக்கிறான், பைத்தியக்காரன்.

திங்கட்கிழமை காலை ரசீதோடு மறுபடி போகிறேன். பீன்யாவில் பேக்கரிக்கு மேலே பணம் கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே படி ஏறுவோம்.